அத்தைக்கு மீசை

என் அத்தைக்கு மீசை இருந்தது. மேலுதட்டில் நிழலாக ஓடிய பூனைமுடி போக, தாடையின் இரண்டு ஓரங்களிலும் கெட்டியான கறுப்பு முடிகள் சுருண்டு முளைத்தன. பாளையங்கோட்டையில் எங்கள் பழைய வீட்டுக் கிணற்றடியில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், துவைகல்லில் கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு அத்தை அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். கையில் இருப்பது வீட்டு முள்வாங்கி. காலில் தைத்த உடைமுள்ளை எடுக்க வாங்கி வைத்தது. எனக்கு அப்போது எட்டு வயது. கொல்லைக்குப் போக எழுந்தவள் ஒருநாள் பார்த்துவிட்டேன். அத்தை பதறிக் கண்ணாடியைக் கவிழ்த்தாள். பிறகு என்னைக் கிட்டத்தில் இழுத்து, "ஏட்டி, இதை யார்ட்டயும் சொல்லப்புடாது, என்ன?" என்றாள். நாற்பது வருடம் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். உயிரோடு இருக்கும்போது கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்று ஒரு சொலவடை. நடக்க முடியாத ஒன்றின் மேல் கணக்குப் போடுகிறவனை அடக்கச் சொல்வது. எங்கள் வீட்டில் அது அடிக்கடி விழும். வாழை நல்ல விலைக்குப் போனால் கடனை அடைத்துவிடலாம் என்று அப்பா ஆரம்பித்தால், சாப்பாட்டுப் பந்தியில் யாராவது ஒருவர் அதைச் சொல்லி முடித்து வைப்பார். பரிமாறிக்கொண்டிருக்கும் அத்தையின் இடது கை தன்னையறியாமல் தாடைக்குப் போகும். ஆரம்பப் பள்ளி ஆசிரியையான அவள் வகுப்பிலும் தாடையைக் கையால் தாங்கியபடிதான் நிற்பாள். பிள்ளைகள் அவளை யோசனைக்கார டீச்சர் என்றார்கள்.

அந்தச் சொலவடையை நான் வெகுகாலம் யோசித்திருக்கிறேன். மீசை முளைத்தால் அத்தை அழகில்லாதவள் ஆகிவிடுவாள் என்று அது சொல்லவில்லை. அத்தையாகவே இருக்க மாட்டாள் என்கிறது. உறவுமுறையே மாறிப்போகும். பெண்ணின் முகத்தில் முளைக்கும் நாலு முடிக்கு இவ்வளவு பயம் ஏன் என்று கேட்டால், எனக்குக் கிடைத்த பதில் அதுதான். கறுப்பு, குட்டை, பருமன் என்றெல்லாம் ஒரு பெண்ணைப் பழிக்கும்போதும் அவளைப் பெண் என்ற வரிசைக்குள் வைத்துத்தான் பழிக்கிறார்கள். தாடைமுடி அவளை வரிசையிலிருந்தே வெளியே தள்ளுகிறது.

தமிழில் இதற்கான சொற்களைப் பாருங்கள். தலையில் இருந்தால் கூந்தல், குழல், முடி. முடி என்பது அரசன் சூடுவதும்கூட. அதுவே கையிலும் காலிலும் இருந்தால் ரோமம். மயிர் என்ற பழைய, நல்ல சொல்லை இன்று வீட்டில் சொன்னால் வாயில் அடி விழும். வள்ளுவர் மானம் பற்றிய அதிகாரத்தில் கூசாமல் எடுத்தாண்ட சொல் அது. மயிரை இழந்தால் உயிரை விடும் கவரிமாவை மானத்துக்கு அடையாளமாக நிறுத்தியவர் அவர். நம் வீட்டுப் பெண்ணின் மானமோ மயிரைக் களைவதில் இருக்கிறது.

எப்போதும் அப்படி இருந்ததா என்றால், இல்லை. கேசாதிபாத வருணனை படித்தவர்களுக்கு மயிரொழுங்கு தெரியும். உந்தியிலிருந்து மேலே ஏறும் மெல்லிய மயிர்க்கோடு. அதை எறும்பு வரிசைக்கும் வண்டு வரிசைக்கும் ஒப்பிட்டு வியந்தார்கள். வடமொழியில் ரோமாவளி என்பார்கள். அதற்கென்றே விசுவேசுவரர் என்ற கவி ஒரு சதகம் பாடியிருக்கிறார். கல்லூரியில் எங்களுக்குச் செய்யுள் நடத்திய ஆசிரியர் அந்த இடம் வந்ததும் இதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். விடுதியில் உரையை வைத்துக்கொண்டு நானே படித்தேன். என் வயிற்றில் இருந்த கோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பத்தொன்பது வயதில் அது தந்த நிம்மதியை என்னால் மறக்க முடியாது. ஆனாலும் இதைப் பொற்காலமாகக் காட்ட எனக்கு மனமில்லை. அந்தப் பாட்டுகளிலும் பெண்ணை முடிமுதல் அடிவரை அளந்துகொண்டே போகிற கண்கள் ஆணின் கண்கள்தான். அளவுகோலில் அன்று நமக்குச் சாதகமாக ஒரு கோடு இருந்தது, இன்று இல்லை.

இன்றைய அளவுகோல் எந்த ஆண்டில், எந்தக் கடையில் செய்யப்பட்டது என்றுகூடச் சொல்லலாம். அமெரிக்காவில் 1915. கையில்லாத சட்டைகள் அப்போதுதான் நாகரிகமாகின்றன. அந்த ஆண்டு ஹார்ப்பர்ஸ் பஜார் இதழில் கைகளை உயர்த்தி நிற்கும் பெண்ணின் படத்தோடு அக்குள் மயிர் போக்கும் பொடிக்கு விளம்பரம் வந்தது. அதே ஆண்டு ஜில்லெட் நிறுவனம் பெண்களுக்கென்று முதல் சவரக் கருவியை, மிலேடி டெகொல்த்தே என்ற பெயரில், விற்பனைக்கு விட்டது. அதற்கு முன் அந்தப் பெண்களின் அக்குளில் மயிர் இல்லாமலா இருந்தது? இருந்தது, அது ஒரு குறை என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆண்களின் தாடைகள் ஏற்கெனவே பிடிபட்டுவிட்ட சந்தையில், மக்கள்தொகையின் இன்னொரு பாதி கத்தி படாமல் கிடந்தது. 1940களில் போருக்காக நைலான் முழுவதும் பாராசூட்டுக்கும் கயிற்றுக்கும் போய்விட, காலுறை கிடைக்காத பெண்களின் கால்கள் வெளியே தெரிந்தன. கத்தி காலுக்கும் இறங்கியது.

இடையில் நடந்த இரண்டு சங்கதிகளை நான் எங்கே பேசினாலும் சொல்வேன். 1920களில் நியூயார்க் மருத்துவர் ஆல்பர்ட் கைஸர், முகமயிரை எக்ஸ்ரே கதிரால் உதிர்க்கும் டிரிக்கோ என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அழகு நிலையங்களில் அதை வைத்தார்கள். வலி இல்லை, தழும்பு இல்லை என்று பெண்கள் வரிசையில் நின்றார்கள். முடி உதிர்ந்தது. ஆண்டுகள் கழித்துத் தோல் சுருங்கியது, புண் வந்தது, பலருக்குப் புற்றுநோய் வந்தது. அடுத்தது கொரெம்லு என்ற களிம்பு. அதில் இருந்தது தாலியம் அசிட்டேட். எலிக்கு வைக்கிற விஷம் தாலியம். 1930களின் தொடக்கத்தில் அதைப் பூசிய பெண்களுக்குத் தலைமுடி கொட்டியது, கால்கள் விளங்காமல் போயின, சிலருக்குப் பார்வை போனது. வழக்குகள் குவிந்து நிறுவனம் திவாலானது. அழகுப் பொருள்களையும் அரசுக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்த அமெரிக்கச் சட்டம் 1938இல்தான் வந்தது. அந்தப் பெண்களைப் பேதைகள் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. தாடையில் முடியோடு வேலை தேடிப் போகிறவளுக்கு, திருமணச் சந்தையில் நிற்கிறவளுக்கு, எக்ஸ்ரே இயந்திரம் எதிரில் தெரிகிற ஒரே கதவாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் சொன்னால் நம்மவர்கள் சிலர் மகிழ்ந்துபோகிறார்கள். எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வியாதி என்று எழுந்து நிற்பார்கள். அது பொய். சவரக் கத்தி இந்த ஊருக்கு வருமுன்பே நம் வீடுகளில் கஸ்தூரி மஞ்சள் இழைத்தார்கள். குப்பைமேனி இலையை மஞ்சளோடு அரைத்து மேலுதட்டில் பற்றுப்போட்டார்கள். பெண்குழந்தை பிறந்தால் முதுகிலும் நெற்றியிலும் இருக்கும் பூனைமுடி போகக் கடலைமாவைப் பிசைந்து உருட்டி உருட்டித் தேய்ப்பார்கள். பிறந்த பிள்ளையின் அந்த முடி சில வாரங்களில் தானே உதிரும். தேய்த்ததால் போனது என்று ஆச்சிகள் நம்பினார்கள். பச்சை உடம்பு சிவந்து பிள்ளை வீறிட்டு அழும். பொட்டப்பிள்ளை, பொறுத்துக்கிட வேண்டாமா என்பாள் ஆச்சி. அந்தச் சொல்லை எத்தனை வீடுகளில் கேட்டிருப்போம்.

எனக்கு வந்தது அத்தையின் உடம்பு. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் வராமல் போக, இருபத்தொரு வயதில் அம்மா மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் கையில் ஒரு தாள். ஃபெரிமன், கால்வே என்ற இரண்டு பேர் 1961இல் வகுத்த கணக்கு அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மேலுதடு, தாடை, மார்பு, மேல்முதுகு, கீழ்முதுகு, மேல்வயிறு, அடிவயிறு, மேல்கை, தொடை என்று ஒன்பது இடம். ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து நாலு வரை மதிப்பெண். முழு மதிப்பெண் 36. எட்டைத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். எனக்குப் பதினொன்று. அந்தக் கணக்கு வேண்டாத கணக்கு என்று சொல்ல மாட்டேன். சினைப்பை நீர்க்கட்டி, ஆண்ட்ரோஜன் கூடுதல், பின்னால் சர்க்கரை வரும் ஆபத்து, இவற்றை முன்கூட்டியே காட்டும் அடையாளம் அந்த முடி. எனக்குக் காட்டியது. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த ஒன்பதில் முன்கை இல்லை, கெண்டைக்கால் இல்லை. ஹார்மோனைப் பற்றி அவை பெரிதாக எதையும் சொல்வதில்லை என்று மருத்துவமே விட்டுவிட்ட இடங்கள். நம் பெண்பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் மறைக்கத் தெரியாமல் தவிப்பது அந்த இரண்டு இடங்களைத்தான்.

யாரும் கேட்காமலே என் உடம்பில் கத்தி பட்டது பிரசவத்தின்போது. வலி எடுத்துப் படுத்திருக்கிறேன். ஆயா ஒருவர் வந்து, "காலை அகட்டும்மா" என்று சொல்லி வறண்ட தோலில் மழிக்கத் தொடங்கினார். எதற்கு என்று கேட்டேன். சுத்தமா இருக்கணும்ல என்றார். கீறல்கள் ஒரு வாரம் எரிந்தன. இந்த மழிப்பால் தொற்று குறைவதில்லை என்று அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 1922லேயே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. சுகப்பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிப்பது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் எழுத்தில் வைத்தது. ஆயாவை நான் நோகவில்லை. கற்றுக்கொடுத்ததைச் செய்தார். ஆனால் தேர்வு, உரிமை என்று பேசுகிற கூட்டங்களில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அந்தப் பிரசவ மேசை எனக்கு நினைவுக்கு வருகிறது.

தமிழ்நாட்டில் பெண்ணின் தலைமயிர் அரசியலாகியிருக்கிறது. கைம்பெண்ணின் தலையை மழித்த கொடுமை பேசப்பட்டது. இளம் கைம்பெண்ணின் குரலிலேயே அ. மாதவையா 1903இல் முத்துமீனாட்சி நாவலை வெளியிட்டார். பெரியார் பெண்களைக் கிராப் வெட்டிக்கொள்ளச் சொன்னார். 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது எழுந்த கூச்சலை என் தலைமுறை மறக்காது. கருப்பையும் முலையும் யோனியும் கவிதைக்குள் வந்தன. தாடைமுடி வந்து நான் படித்ததில்லை. அவையெல்லாம் பெண் என்பதற்குச் சாட்சி சொல்லும் உறுப்புகள். இது எதிர்ச்சாட்சி. இதைச் சொல்லிக்கொள்ள எங்களுக்கே துணிவு வரவில்லை.

மாறாக ஒரு சுலபமான பதில் வந்து சேர்ந்தது. மழிப்பதும் என் தேர்வு, மழிக்காததும் என் தேர்வு. பெண்ணியம் என்றால் தேர்வு. இந்தப் போக்குக்குத் தேர்வுப் பெண்ணியம் என்று பெயரிட்டுக் கண்டித்தவர் அமெரிக்காவின் லிண்டா ஹிர்ஷ்மன், 2000களின் நடுவில். பெண்கள் வேலையை விட்டு வீட்டில் இருப்பது பற்றி அவர் எழுதியதில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. ஆனால் பெண் எதைச் செய்தாலும் அது அவள் தேர்வு என்று கேள்வியை மூடிவிடுவதை அவர் எதிர்த்தது சரி. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ப்ரியான் ஃபாஸ் என்ற பேராசிரியர் தம் மாணவிகளைச் சில வாரம் உடல்மயிரை மழிக்காமல் இருந்து நாட்குறிப்பு எழுதச் சொன்னார். இது அவரவர் விருப்பம்தானே என்று தொடங்கிய பெண்கள், தாயின் பதற்றத்தையும் காதலனின் கோபத்தையும் தோழிகளின் அருவருப்பையும் எழுதி நிரப்பினார்கள். அழுக்கானவள் என்ற உணர்வு தமக்குள்ளிருந்தே வந்ததையும் எழுதினார்கள். செய்யாமல் விட்டால் என்ன விலை என்று செய்யாமல் விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

விலை என்ன என்று நமக்கும் 2024இல் தெரிந்தது. வட மாநிலம் ஒன்றில் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்த மாணவியின் படம் வெளியானதும், அவள் மதிப்பெண்ணை விட்டுவிட்டு மேலுதட்டைப் பற்றிப் பேசினார்கள். பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை ஆளாளுக்கு எடுத்தாண்டது போதும். ஒன்றிரண்டு மதிப்பெண் குறைவாக வாங்கியிருந்தால் இப்படி எல்லோர் கண்ணிலும் பட்டிருக்க மாட்டேன் என்று அந்தப் பிள்ளை சொன்னதைப் படித்து அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு சவரக் கத்தி நிறுவனம் அவளுக்கு ஆதரவு சொல்லிச் செய்தித்தாளில் விளம்பரம் போட்டது. கேலிக்குப் பயந்து எங்கள் கத்தியை நீ கையிலெடுக்க நேராதிருக்கட்டும் என்பது அதன் பொருள். பலர் பாராட்டினார்கள். எனக்கு அது கேலியைவிடக் கசந்தது. அவள் முகத்தை விற்பனைக்கு எடுத்துக்கொண்ட இன்னொரு கை அது.

நான் மாதம் ஒருமுறை பார்லருக்குப் போகிறேன். அங்கே வேலை செய்கிற பெண் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, விரல்களில் பின்னி, "கண்ணை மூடிக்கங்கக்கா, தோலை இழுத்துப் பிடிங்க" என்பாள். அப்பர் லிப், தாடை, புருவம். கண்ணில் நீர் முட்டும். நாளெல்லாம் கடித்துக் கடித்து அவள் முன்பல்லில் நூல் அரித்த தடம் விழுந்திருக்கிறது. இதை என் தேர்வு என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. பயத்தில் செய்கிறேன். கூட்டத்தில் எழுந்து பேசும்போது கேட்கிறவர்களின் கண் என் தாடைக்கு இறங்கிவிடக் கூடாது என்ற பயம். அதே நாற்காலியில் எனக்கு முன்னால் ஒரு திருநங்கை உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒவ்வொரு முடியும் போகப் போக முகம் மலர்ந்தது. பிடுங்குவது ஒன்றுதான், அவர் தன் முகத்துக்குள் வந்துகொண்டிருந்தார். இதைப் பார்த்த பிறகு, மயிரை வளர்ப்பதே விடுதலை என்று யாரிடமும் சொல்ல எனக்கு நா எழவில்லை. மழித்தலும் வேண்டாம் நீட்டலும் வேண்டாம், உலகம் பழிப்பதை விட்டால் போதும் என்று துறவிக்கு வள்ளுவர் சொல்லிவிட்டுப் போனார். இந்த உடம்பையே உலகம் பழிக்கும்போது ஒரு பெண் எதை விடுவது?

அத்தைக்கு எழுபத்தெட்டாவது வயதில் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போனது. என் வீட்டில்தான் வைத்திருந்தேன். இரண்டு வாரத்தில் தாடையில் முடி தெரிய ஆரம்பித்தது. இப்போது வெள்ளை. அத்தை இடது கையைத் தூக்கித் தாடையில் வைப்பாள், என்னைப் பார்ப்பாள், மறுபடி வைப்பாள். வீட்டில் மற்றவர்கள் தண்ணீர் கேட்கிறாள் என்றார்கள், பல்வலி என்றார்கள். எனக்குப் புரிந்தது. புரிந்தும் செய்யவில்லை. அறுபது வருடம் இருட்டோடு எழுந்து பிடுங்கியவளுக்குக் கடைசிக் காலத்திலாவது அந்தப் பாடு வேண்டாம், முளைக்கட்டும், என் வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்லாமல் நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன். "இருக்கட்டும் அத்தை, நல்லாத்தான் இருக்கு" என்று அவள் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன். பார்க்க வந்தவர்கள் முன் அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளிடம் படித்த மாணவர் ஒருவர், தலை நரைத்தவர், பழத்தோடு வந்து அரைமணி நேரம் அவள் முதுகோடு பேசிவிட்டுப் போனார்.

பதினோரு வாரம் இருந்தாள். போன அன்று குளிப்பாட்ட வந்த பெண்களில் ஒருத்தி மஞ்சளோடு நின்று தயங்கினாள். "இதை எடுத்துருவோமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அத்தையின் தகரப் பெட்டியில், ஓய்வூதியப் புத்தகத்துக்கு அடியில், துணியில் சுற்றி அந்த முள்வாங்கி இருந்தது. எடுத்து நான் உட்கார்ந்தேன். வெள்ளை முடிகள் லேசாக வந்தன. அவள் முகத்தில் எந்த அசைவும் இல்லை.

கேட்ட முதல் நாளே நான் அதைச் செய்திருக்க வேண்டும்.